என்.ஆர்.எஃப்-2 புரதத்தைத் தூண்டும் மாத்திரையை அப்பாவுக்குக் கொடுக்கலாமா?

கேட்டவர் எழுதியிருந்ததைச் சுருக்கிச் சொல்கிறேன். அப்பாவுக்கு 61 வயது. முப்பது வருஷம் பீடி பிடித்தவர், இப்போது விட்டுவிட்டார். சர்க்கரை உண்டு. போன பரிசோதனையில், சிறுநீரகம் சரியாக வடிகட்டாதபோது ரத்தத்தில் ஏறும் கழிவான கிரியாட்டினினும் கொஞ்சம் ஏறியிருக்கிறது. ஆள் சேர்த்து விற்கும் வியாபாரத்தில் இருக்கும் சொந்தக்காரர் ஒருவர் மாத்திரை டப்பாவோடு வந்து, "உடம்பில் தூங்கிக்கொண்டிருக்கிற என்.ஆர்.எஃப்-2 என்ற புரதத்தை இது எழுப்பிவிடும், வைட்டமின் மாத்திரை எல்லாம் இதற்குக் கால்தூசு" என்கிறார். டப்பாவில் மஞ்சள், பச்சைத் தேயிலை, அமுக்கரா, மிளகு ஆகியவற்றின் எக்ஸ்ட்ராக்ட் என்று போட்டிருக்கிறது. அப்படி ஒரு புரதம் நிஜமாகவே இருக்கிறதா, கதை விடுகிறார்களா என்று கேட்டிருக்கிறீர்கள்.

புரதம் இருக்கிறது. உங்கள் உடம்பிலும் என் உடம்பிலும் ஏறக்குறைய எல்லாச் செல்லிலும் இருக்கிறது. அதில் ஏமாற்று இல்லை. ஆனால் நீங்கள் உண்மையில் தெரிந்துகொள்ள விரும்புவது அடுத்த கேள்வியை என்று நினைக்கிறேன்: இருக்கிறது என்றால், அதைத் தூண்டிவிடுவது நல்லதுதானே? அந்த "நல்லதுதானே" என்பதில்தான் சிக்கல் எல்லாம் இருக்கிறது. உங்கள் அப்பாவைப் போன்ற ஒருவருக்கு அது சாதாரணச் சிக்கலும் இல்லை. நான் உயிர்வேதியியல் படித்து, வளர்ப்புச் செல்களில் இந்தப் புரதத்தின் ஏற்ற இறக்கத்தை அளந்தே பல வருஷம் ஓட்டியவன். நோயாளியைத் தொட்டுப் பார்க்கும் மருத்துவன் இல்லை. அந்த எல்லைக்குள் நின்று சொல்கிறேன்.

செல்கள் ஆக்சிஜனைக் கொண்டு ஆற்றல் எடுக்கும்போதே சூப்பர் ஆக்சைடு, ஹைட்ரஜன் பெராக்சைடு போன்றவை கொஞ்சம் கசிந்துகொண்டே இருக்கும். புகை, கிருமித் தொற்று, கதிர்வீச்சு, சில மருந்துகள் இவற்றைக் கூட்டும். செல் சமாளிக்கும் அளவைத் தாண்டி இவை பெருகி, கொழுப்பையும் புரதத்தையும் டி.என்.ஏ-வையும் தாக்கத் தொடங்குவதைத்தான் ஆக்சிஜனேற்ற அழுத்தம் என்கிறோம். என்.ஆர்.எஃப்-2 தானே போய் ஒரு பெராக்சைடு மூலக்கூறைக்கூட அணைப்பதில்லை. உட்கருவுக்குள் நுழைந்து, மாஃப் என்ற சிறிய புரதத்தோடு ஜோடி சேர்ந்து, டி.என்.ஏ-வில் தனக்கென்று உள்ள இடங்களில் போய் உட்காரும். அங்கிருந்து 200-க்கும் மேற்பட்ட மரபணுக்களை முடுக்கிவிடும். செல்லின் சொந்த ஆக்சிஜனேற்ற எதிர்ப்பியான குளூட்டாதயோனைத் தயாரிக்கும் நொதிகள், அதைப் போன்ற தயோரெடாக்சினைப் புதுப்பிக்கும் நொதி, நச்சுப் பொருளைச் சிறுநீரில் கரைத்து அனுப்ப ஏதுவாக மாற்றும் நொதிகள், ஹீமை உடைக்கும் நொதி எல்லாம் அந்தப் பட்டியலில் வரும்.

சொந்தக்காரர் "தூங்கிக்கொண்டிருக்கிறது" என்று சொன்னது தவறு. செல் இந்தப் புரதத்தை ஓயாமல் செய்துகொண்டே இருக்கிறது. செய்த கையோடு அழித்துக்கொண்டும் இருக்கிறது. சாதாரண நிலையில் இதன் அரை ஆயுள் சுமார் 20 நிமிஷம்தான். அழிப்பதற்கென்றே கீப்-1 என்று இன்னொரு புரதம் இருக்கிறது. அது என்.ஆர்.எஃப்-2-ஐ இரண்டு இடத்தில் பிடித்துக்கொண்டு, யுபிக்விட்டின் என்ற குறியை அதன்மேல் ஒட்டவைத்து, புரதங்களை நறுக்கும் புரோட்டியசோமுக்கு அனுப்பிவிடும். இவ்வளவு செலவு செய்து ஒன்றை உண்டாக்கி உடனே அழிப்பது வீண்வேலையாகத் தோன்றும். ஆம்புலன்ஸ் ஓட்டுநர் இன்ஜினை அணைக்காமல் வாசலில் நிற்பது எதற்காகவோ அதற்காகத்தான் இதுவும். அழிப்பதை நிறுத்தினால் போதும், புதிதாக மரபணுவைப் படித்துப் புரதம் கட்டும் நேரம் மிச்சம். கீப்-1-இல் சிஸ்டீன் என்ற அமினோ அமிலம் 27 இடங்களில் இருக்கிறது. சிஸ்டீனில் உள்ள கந்தகம், ஆக்சிஜனேற்றம் செய்யும் பொருளோடும் எலக்ட்ரான் தேடி அலையும் பொருளோடும் சட்டென்று வினைபுரியும். முக்கியமான சில சிஸ்டீன்களில் ஒன்று மாறினாலே கீப்-1-ஆல் வேலையை முடிக்க முடியாமல் போகும். புதிதாகப் பிறக்கும் என்.ஆர்.எஃப்-2 எல்லாம் தப்பி உட்கருவுக்குப் போகும். ஆபத்து தணிந்ததும் கீப்-1 திரும்ப வேலையைத் தொடங்கும், அளவு இறங்கும். இந்த இறங்குதல் மிக முக்கியம். கீழே பலமுறை இதற்குத் திரும்பி வருவேன்.

இது கண்டுபிடிக்கப்பட்ட விதம் வேடிக்கையானது. 1994-இல் சான் பிரான்சிஸ்கோவில் யூட் வாய் கானின் குழு ஹீமோகுளோபின் மரபணுவைக் கட்டுப்படுத்தும் புரதங்களைத் தேடிக்கொண்டிருந்தபோது இது கிடைத்தது. ரத்தத்துக்கு அவசியம் என்று நினைத்து, இது இல்லாத எலிகளை உருவாக்கிப் பார்த்தால் அவை நன்றாக வளர்ந்தன, ரத்தமும் சரியாக இருந்தது. 1997-இல் ஜப்பானின் சுகுபாவில் மசாயுகி யாமமோட்டோவின் குழு, இந்த எலிகளுக்கு நச்சு நீக்கும் நொதிகளைத் தேவைக்கேற்பக் கூட்டிக்கொள்ளத் தெரியவில்லை என்று காட்டியது. 1999-இல் அதே குழு கீப்-1-ஐக் கண்டுபிடித்தது. அதன் பிறகு வந்த முடிவுகள் வரிசையாக ஒரே திசையைக் காட்டின. என்.ஆர்.எஃப்-2 இல்லாத எலிக்கு மற்ற எலிகள் தாங்கும் அளவு பாராசிட்டமாலே கல்லீரலைக் கெடுத்துவிடும். சிகரெட் புகையில் வைத்தால் நுரையீரல் சீக்கிரம் சிதையும். புற்றுநோய் உண்டாக்கும் வேதிப்பொருள் கொடுத்தால் கட்டிகள் அதிகம் வரும். ஆக, இது குறைந்தால் கெடுதல் என்பதில் சந்தேகமே இல்லை. மாத்திரை விற்பவர்கள் கையில் எடுத்துக்கொள்வது இந்தப் பாதியைத்தான்.

இன்னொரு விஷயத்திலும் உங்கள் சொந்தக்காரர் சொல்வது பாதி சரி. வைட்டமின் சி, ஈ போன்றவை ஒன்றுக்கு ஒன்று என்று வினைபுரிந்து தீர்ந்துபோகும். நொதி தீராமல் திரும்பத் திரும்ப வேலை செய்யும். வைட்டமின் மாத்திரைகளின் கதையும் சோகமானதுதான். பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 1994-இல் வந்தது. உடம்பில் வைட்டமின் ஏ-வாக மாறும் பீட்டா கரோட்டினைத் தினம் 20 மில்லிகிராம் எடுத்தவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியிருந்தது. அமெரிக்காவில் புகைபிடிப்பவர்கள், விட்டவர்கள், ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளர்கள் என 18,314 பேரிடம் நடந்த இன்னொரு ஆய்வை 1996-இல் இடையிலேயே நிறுத்த வேண்டியிருந்தது. அங்கே பீட்டா கரோட்டினோடு வைட்டமின் ஏ-யும் எடுத்தவர்களிடம் 28 சதவீதம் கூடியிருந்தது. பீட்டா கரோட்டின் வேறு, என்.ஆர்.எஃப்-2 தூண்டி வேறு. இந்த எண்களை உங்கள் டப்பாவின்மேல் ஏற்றிவிட முடியாது. "புகைபிடித்தவருக்கு ஆக்சிஜனேற்ற எதிர்ப்பி நல்லது" என்ற, கேட்டதும் சரியென்று தோன்றும் வாதம், சோதித்துப் பார்த்தபோது நிற்கவில்லை என்பதற்காக மட்டும் சொல்கிறேன்.

ஏன் நிற்கவில்லை? ஆக்சிஜனேற்றப் பொருள்கள் வெறும் கழிவு இல்லை. வெள்ளணுக்கள் கிருமியைக் கொல்லவே அவற்றைத் திட்டமிட்டு உண்டாக்குகின்றன. அவற்றை உண்டாக்கும் நொதி பிறவியிலேயே பழுதானவர்களுக்குத் தொற்று மேல் தொற்று வரும். 2009-இல் ஜெர்மனியில் ஓர் ஆய்வு நடந்தது. இளைஞர்களுக்கு நான்கு வாரம் உடற்பயிற்சி கொடுத்து, பாதிப்பேருக்கு வைட்டமின் சி-யும் ஈ-யும் கூடவே கொடுத்தார்கள். பயிற்சியால் இன்சுலின் நன்றாக வேலை செய்யத் தொடங்கும் அந்தப் பலன், வைட்டமின் எடுத்தவர்களிடம் காணவில்லை. சிறிய ஆய்வுதான், பிற்பாடு மாறுபட்ட முடிவுகளும் வந்தன. ஆனாலும் உழைக்கும் தசையில் எழும் அந்தக் கொஞ்சம் பெராக்சைடு உடம்புக்கு ஒரு சேதி என்பது இன்று பரவலாக ஏற்கப்பட்டது. சர்க்கரை உள்ளவர் இதைக் கவனிக்க வேண்டும்.

இப்போது உங்கள் அப்பாவுக்கு நேராகப் பொருந்தும் ஒரு கதை. பார்டாக்ஸலோன் என்று ஒரு மருந்து. கீப்-1-இன் சிஸ்டீனைப் பிடிப்பதில் மஞ்சளெல்லாம் அதன் பக்கத்தில் நிற்க முடியாது. மிகக் குறைந்த அளவிலேயே என்.ஆர்.எஃப்-2-ஐ ஏற்றிவிடும். சர்க்கரையால் சிறுநீரகம் கெட்ட 227 பேரிடம் முதலில் சோதித்தபோது சிறுநீரகம் வடிகட்டும் அளவு கூடியது. எங்கள் துறையில் அன்று பெரிய உற்சாகம். அடுத்து 2,185 பேரிடம், இரண்டாம் வகைச் சர்க்கரையும் நான்காம் நிலைச் சிறுநீரக நோயும் உள்ளவர்களிடம், பெரிய சோதனை தொடங்கியது. 2012 அக்டோபரில் அதை அவசரமாக நிறுத்தினார்கள். மருந்து எடுத்தவர்களில் 96 பேர் இதயச் செயலிழப்பால் மருத்துவமனையில் சேர்ந்தார்கள் அல்லது இறந்தார்கள். வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 55 பேர். உடம்பில் நீர் தேங்கியதே பெரும்பாலும் காரணம் என்று பின்னர் அலசிச் சொன்னார்கள். அந்தத் தீங்கு என்.ஆர்.எஃப்-2 வழியாகவே வந்ததா, மருந்தின் வேறு வேலையால் வந்ததா என்பதில் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. உங்களுக்கு அதைவிட முக்கியமானது வேறு: சர்க்கரையும் சிறுநீரகக் கோளாறும் உள்ளவரிடம் இந்தப் புரதத்தைத் தூண்டுவது "எப்படியும் கெடுதல் செய்யாது" என்ற வகையில் வராது.

அடுத்தது புற்றுநோய். இதைச் சொல்லத் தயங்கினேன், பயமுறுத்துவது போல ஆகிவிடும் என்று. ஆனால் முப்பது வருஷ பீடிப் பழக்கத்தை எழுதிவிட்டீர்கள், விட்டுவிடவும் முடியாது. நுரையீரலில் செதிள்செல் வகைப் புற்றுநோய்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கில் இந்த அமைப்பு கெட்டிருக்கிறது. எந்தத் திசையில் கெட்டிருக்கிறது என்பதுதான் விஷயம். கீப்-1 உடைந்திருக்கும், அல்லது என்.ஆர்.எஃப்-2-இல் கீப்-1 பிடிக்கும் அந்த இரண்டு இடங்களில் ஒன்று மாறியிருக்கும். எப்படியானாலும் விளைவு ஒன்று: என்.ஆர்.எஃப்-2 ஏறியே நிற்கும், இறங்காது. நல்ல செல்லைக் காப்பாற்றும் அதே குளூட்டாதயோன், கெட்ட செல்லையும் கீமோதெரபியிலிருந்தும் கதிர்வீச்சிலிருந்தும் காப்பாற்றும். புரதத்துக்கு நல்லவன் கெட்டவன் தெரியாது. 2014-இல் ஸ்வீடனின் கோதன்பர்க்கில், நுரையீரலில் சிறு கட்டிகள் ஏற்கெனவே தொடங்கியிருந்த எலிகளுக்கு ஆக்சிஜனேற்ற எதிர்ப்பிகளான என்-அசிட்டைல் சிஸ்டீனும் வைட்டமின் ஈ-யும் கொடுத்தபோது கட்டிகள் வேகமாக வளர்ந்தன. அவையும் நேரடி என்.ஆர்.எஃப்-2 தூண்டிகள் இல்லை. கட்டிக்குக் கிடைக்கும் பாதுகாப்பு மட்டும் அதே மாதிரி.

இதற்கு மறுபக்கமும் சொல்லியாக வேண்டும். கீப்-1-ஐ மட்டும் கெடுத்தால் எலிக்குத் தானாகப் புற்றுநோய் வந்துவிடுவதில்லை. ஃபுமாரிக் அமில வகை மருந்துகள் இதே வழியைத் தொடுபவை. ஜெர்மனியில் 1994-இலிருந்து சோரியாசிஸ் என்ற தோல் நோய்க்குக் கொடுக்கிறார்கள், புற்றுநோய் பெருகியதாகத் தெரியவில்லை. எனவே "தூண்டினால் புற்றுநோய் வரும்" என்று நான் சொல்லவில்லை, யாராவது சொன்னால் நம்பவும் வேண்டாம். தெரியாமல் உள்ளே ஏதாவது தொடங்கியிருக்கக்கூடிய ஒரு நுரையீரலில், வருஷக்கணக்கில் இந்தப் புரதத்தை ஏற்றி வைத்திருந்தால் என்ன ஆகும் என்பதை மனிதர்களிடம் யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. சோதிக்காத ஒன்றை அப்பாவிடம் ஏன் சோதிக்க வேண்டும் என்பதுதான் என் வாதம்.

இறங்குதல் பற்றிச் சொன்னேன் அல்லவா. கீப்-1 அறவே இல்லாத எலிக்குட்டிகளை 2003-இல் உருவாக்கினார்கள். நச்சு எதிர்ப்பில் அவை சூரர்களாக இருந்திருக்க வேண்டும். மூன்று வாரத்துக்குள் செத்துப்போயின. உணவுக்குழாயிலும் இரைப்பையின் முன்பகுதியிலும் தோல் தடித்து, பால் இறங்காமல். என்.ஆர்.எஃப்-2-ஐயும் சேர்த்து நீக்கியபோது பிழைத்துக்கொண்டன. ஆகவே கொன்றது மிதமிஞ்சிய என்.ஆர்.எஃப்-2 என்பது உறுதி.

மருந்தாக இந்தப் புரதத்தால் பயனே இல்லையா என்றால், இருக்கிறது. 2013-இல் அமெரிக்காவில், மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு நோய்க்கு, மேலே சொன்ன ஃபுமாரிக் அமில வகையைச் சேர்ந்த டைமெத்தில் ஃபியூமரேட் அனுமதி பெற்றது. அதன் பலன் முழுக்க என்.ஆர்.எஃப்-2 வழியாக வருகிறதா என்பது மட்டும் விவாதத்தில் இருக்கிறது. 2023-இல் ஃபிரீட்ரிக் அட்டாக்சியா என்ற அரிய பரம்பரை நரம்பு நோய்க்கு ஓமாவெலாக்ஸலோன் என்ற மருந்து வந்தது. அந்த நோயாளிகளுக்கு இந்தப் புரதத்தின் வேலை குறைந்திருக்கிறது என்பதற்குச் சான்று உண்டு, ஆகவே ஏற்றுவதில் அர்த்தம் உண்டு. இரண்டுக்குமே ரத்தப் பரிசோதனையோடுதான் மாத்திரை. முன்னதில் வெள்ளணு குறையும், பின்னதில் கல்லீரல் நொதிகள் ஏறும். குறிப்பிட்ட நோய், அளந்த டோஸ், கண்காணிப்பு என்ற மூன்றும் சேர்ந்த இடத்தில் இது மருந்து.

இனி உங்கள் டப்பாவில் உள்ளவை. மஞ்சளின் குர்க்குமின் என்.ஆர்.எஃப்-2-ஐ ஏற்றும்; தட்டில் வளரும் செல்லில் நானே பார்த்திருக்கிறேன். ஆனால் அங்கே செல்லின்மேல் நேராக ஊற்றுகிறோம். 1998-இல் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியிலிருந்து வந்த ஆய்வில், ஆரோக்கியமானவர்களுக்கு 2 கிராம் குர்க்குமின் கொடுத்தும் ரத்தத்தில் கண்டுபிடிக்க முடியாத அளவு, அல்லது மிகச் சொற்பம்தான் இருந்தது. 20 மில்லிகிராம் பைப்பரின், அதாவது மிளகின் காரம், சேர்த்ததும் உறிஞ்சுதல் 2,000 சதவீதம் கூடியது. டப்பாவில் மிளகு வந்த ரகசியம் அதுதான். குடலும் கல்லீரலும் வெளியே தள்ளும் வேலையை மிளகின் காரம் தடுக்கிறது. அந்தத் தடை மஞ்சளோடு நிற்காது. வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிட்டோயின், ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் புரொப்பிரனோலால் போன்ற மருந்துகளின் ரத்த அளவும் இதனால் ஏறும். தினம் நாலைந்து மாத்திரை எடுக்கும் ஒருவருக்கு இது சின்ன விஷயம் இல்லை. ரசத்தில் போடும் மிளகுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, பயப்படாமல் சாப்பிடுங்கள். செறிவாக்கிய மஞ்சள், பச்சைத் தேயிலை, அமுக்கரா மூன்றுமே சிலருக்குக் கல்லீரல் அழற்சி உண்டாக்கியதாக மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. அரிதுதான். ஆனால் மூன்றும் ஒரே மாத்திரையில்.

"சாப்பாட்டிலேயே கிடைக்குமா" என்று கடைசியில் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். இதில் உறுதியாகத் தெரிந்தது கொஞ்சம் இருக்கிறது, எனக்கும் பிடித்த பகுதி இது. 1992-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பால் டலாலேயின் குழு புரோக்கோலியிலிருந்து சல்ஃபோராஃபேனைப் பிரித்தெடுத்தது. கீப்-1-இன் 151-ஆம் இடத்துச் சிஸ்டீனைப் பிடிக்கும் பொருள் அது. சீனாவின் சிடோங் வட்டாரத்தில் 291 பேர் 12 வாரம் புரோக்கோலி முளைச் சாறு குடித்தபோது, மாசுக் காற்றிலிருந்து உடம்புக்குள் போன பென்சீன் சிறுநீரில் 61 சதவீதம் கூடுதலாக வெளியேறியது. அவர்களுக்கு நோய் குறைந்ததா என்று அந்த ஆய்வு பார்க்கவில்லை, நச்சு வெளியேறுவதை மட்டும் அளந்தது. புரோக்கோலிக்காக அலைய வேண்டாம். முருங்கையில் இதே குடும்பத்தைச் சேர்ந்த மோரிஞ்சின் இருக்கிறது. கடுகு, முள்ளங்கி, முட்டைக்கோஸிலும் உறவுக்காரப் பொருள்கள் உண்டு. இலையில் இவை அடங்கிய வடிவத்தில் இருக்கும். நறுக்கும்போதோ மெல்லும்போதோ மைரோசினேஸ் என்ற நொதி வந்து விடுவிக்கும். சூடு அந்த நொதியைக் கொன்றுவிடும். நம் சமையலில் கீரையை வேகவைத்து, கடுகை எண்ணெயில் வெடிக்கவிட்டு, இரண்டு பக்கமும் நொதியை இழக்கிறோம். வெந்த புரோக்கோலியில் பச்சைக் கடுகுப் பொடி தூவினால் சல்ஃபோராஃபேன் கூடுவதை மனிதர்களிடமே அளந்திருக்கிறார்கள். வெந்த முட்டைக்கோஸ் பொரியலை இறக்கிய பிறகு ஒரு சிட்டிகை கடுகுப் பொடி தூவுவது அந்தக் கணக்கில் நியாயமானது, ருசியும் கெடாது. உணவில் வரும் அளவு சில மணி நேரம் ஏற்றிவிட்டு இறங்கிவிடும். ஏறி இறங்கும் அந்தப் போக்கு, செல்லுக்குப் பழக்கமானது.

ஒரு எச்சரிக்கை: முருங்கைக்கீரையில் பொட்டாசியம் அதிகம். கிரியாட்டினின் ஏறியவருக்குப் பொட்டாசியமும் ஏறியிருந்தால் தினம் கீரை கொடுப்பது ஆபத்து. அந்த எண்ணைப் பார்த்துவிட்டுக் கீரையின் அளவை டாக்டரிடம் கேளுங்கள்.

ஆகவே என் பதில்: உங்கள் அப்பாவுக்கு இந்த மாத்திரை வேண்டாம். அந்தப் பணத்தில் சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் போகிறதா என்று பாருங்கள், சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் கட்டுக்குள் வைக்க மாத்திரை சரியாக இருக்கிறதா என்று கேளுங்கள்; சிறுநீரகம் கெடுவதைத் தள்ளிப்போட நிரூபணமான மருந்துகள் இன்று இருக்கின்றன. பீடிப் பழக்கத்தின் வருஷக் கணக்கைச் சொல்லி, குறைந்த கதிர்வீச்சில் எடுக்கும் நெஞ்சு சி.டி. ஸ்கேன் அவருக்குத் தேவையா என்றும் கேளுங்கள். ஏற்கெனவே மாத்திரையைத் தொடங்கிவிட்டார் என்றால் சண்டை போடாமல் டப்பாவைக் கையோடு கொண்டுபோய் டாக்டரிடம் காட்டுங்கள், கல்லீரல் பரிசோதனை ஒன்றையும் எழுதித் தரச் சொல்லுங்கள். சிறுநீர் கருத்து வந்தாலோ, கண் மஞ்சளானாலோ, கால் வீங்கி மூச்சு வாங்கினாலோ அடுத்த அப்பாயிண்ட்மென்ட் வரை காத்திருக்க வேண்டாம், மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே போங்கள்.